அறிவிப்பு வந்தது, சந்தை மூடியது: பெருந்தொற்றில் ஆப்பிரிக்காவின் சிறு உணவு வணிகங்கள்

2020 ஏப்ரல் நடுவில் கோவிட் தொற்றைத் தடுக்க மலாவி அரசு 21 நாள் ஊரடங்கை அறிவித்தபோது, பிளாண்டயர், முசூசு போன்ற நகரங்களின் சந்தை வியாபாரிகள் அதை எதிர்த்துத் தெருவில் இறங்கினார்கள். நோயைவிடப் பசியே முதலில் கொல்லும் என்பது அவர்கள் வாதம். மனித உரிமை அமைப்பொன்று தொடுத்த வழக்கில் உயர் நீதிமன்றம் ஊரடங்குக்குத் தடை விதித்தது. அதே வாரங்களில் கண்டம் முழுவதும் பெரிய தொகைகள் அறிவிக்கப்பட்டுக்கொண்டிருந்தன: ஆப்பிரிக்க வளர்ச்சி வங்கி மார்ச் 27 அன்று 300 கோடி டாலருக்குக் கடன்பத்திரம் வெளியிட்டது, நைஜீரிய மத்திய வங்கி 5,000 கோடி நைராவில் கடன் திட்டம் தொடங்கியது, தென்னாப்பிரிக்க அதிபர் ராமபோசா 50,000 கோடி ராண்டுக்கு நிவாரணத் தொகுப்பை அறிவித்தார். இவ்வளவு பணம் பேசப்பட்ட காலத்தில், மக்களுக்கு அத்தியாவசியமான உணவை விற்பவர்களே ஏன் முதலில் நொடித்தார்கள் என்ற கேள்விக்கு, ஊழல் என்ற ஒற்றைப் பதில் போதாது. அந்த வணிகம் எப்படி நடக்கிறது என்பதைப் பார்த்தால்தான் எந்த உதவி போய்ச் சேர்ந்தது, எது சேரவில்லை என்பது விளங்கும்.

யாரைப் பற்றிப் பேசுகிறோம்

ஆப்பிரிக்காவில் வேலை செய்வோரில் சுமார் 86 விழுக்காட்டினர் முறைசாரா வேலையில் இருப்பதாகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2018இல் மதிப்பிட்டது. முறைசாரா என்றால், பதிவும் வரிக்கணக்கும் சமூகப் பாதுகாப்பும் இல்லாத வேலை. சட்டவிரோத வேலை என்று பொருளல்ல. உணவுத் துறையில் இது மூன்று தட்டுகளாக இருக்கிறது.

1. அன்றாட வியாபாரிகள்: நைரோபியின் குடியிருப்புத் தெருக்களில் காய்கறி விற்கும் பெண்கள், கானாவின் அக்ராவில் கென்கி, வாக்யே என்ற அன்றாட உணவுகளைச் சமைத்து விற்பவர்கள், தென்னாப்பிரிக்கக் குடியிருப்புகளில் ஸ்பாசா எனப்படும் பெட்டிக்கடை வைத்திருப்பவர்கள்.

2. சிறு பதப்படுத்துவோர்: மரவள்ளியைத் துருவி, புளிக்கவைத்து, பிழிந்து, வறுத்து காரி எனும் ரவை செய்பவர்கள், மக்காச்சோள மாவு அரைப்பவர்கள், தயிரும் பழச்சாறும் புட்டியில் அடைப்பவர்கள். இரண்டு பேரிலிருந்து இருபது பேர் வரை வேலை செய்யும் இடங்கள் இவை.

3. பதிவுபெற்ற சிறு, நடுத்தர நிறுவனங்கள்: வங்கிக் கணக்கும் தணிக்கைக் கணக்கும் உள்ளவை.

அரசு அறிவிப்புகளில் வரும் 'சிறு தொழில்' என்பது பெரும்பாலும் மூன்றாம் தட்டைக் குறித்தது. ஆனால் நகரத்து ஏழைகளின் வயிறு நிரம்புவது முதல் இரண்டு தட்டுகளால்.

கைமுதல் ஒரு நாளில் சுழல்கிறது

நைரோபியின் காய்கறிக்காரப் பெண்ணை எடுத்துக்கொள்வோம். கென்யாவில் இவர்களை 'மாமா ம்போகா' என்று அழைப்பது வழக்கம். விடியும் முன்பே வக்குலிமா போன்ற மொத்தச் சந்தைக்குப் போய் தக்காளி, வெங்காயம், சுகுமா விக்கி என்ற கீரை ஆகியவற்றை வாங்குகிறார். அவருடைய விற்பனையின் உச்சம் மாலையில், வேலை முடிந்து திரும்புகிறவர்கள் இரவுச் சமையலுக்கு வாங்கும் இரண்டு மூன்று மணி நேரம். அந்த மாலை வரவுதான் மறுநாள் விடியற்காலைக் கொள்முதலுக்குக் கைமுதல். குளிர்சாதனம் இல்லை; விற்காத கீரை வாடிவிடும். அதே வரவிலிருந்துதான் வீட்டு வாடகையும் பிள்ளைகளின் பள்ளிச் செலவும் போகின்றன.

2020 மார்ச் 27 முதல் கென்யாவில் இரவு 7 மணி முதல் காலை 5 மணி வரை ஊரடங்கு. காகிதத்தில் உணவு வியாபாரம் தடை செய்யப்படவில்லை. ஆனால் 7 மணிக்குள் எல்லோரும் வீட்டில் இருக்க வேண்டுமென்றால் மாலை விற்பனை பாதியில் அறுந்துபோகிறது. 5 மணிக்கு முன் வெளியே வரக் கூடாதென்றால் விடியற்காலைக் கொள்முதலும் போகிறது. தொற்றைக் கட்டுப்படுத்தவே இந்த நேரங்கள் வகுக்கப்பட்டன. அவை ஒரு தொழிலின் இரு முனைகளையும் சரியாகக் கத்தரித்துவிடும் என்று எவரும் கணக்குப் போட்டதாகத் தெரியவில்லை. ஜூன் 7 முதல் ஊரடங்கு இரவு 9 முதல் காலை 4 வரை எனத் தளர்த்தப்பட்டது. அந்தச் சில மணி நேரங்கள் பல கோடி ஷில்லிங் கடன் திட்டத்தைவிட இத்தட்டினருக்கு உடனடியாகப் பயன்பட்டிருக்கும் என்றே சொல்ல வேண்டும்.

இங்கே ஒரு சொல்லை வரையறுத்துக்கொள்வது நல்லது. நடைமுறை மூலதனம் என்பது சரக்கு வாங்கி, விற்று, மீண்டும் சரக்கு வாங்கும் வரை கையில் இருக்க வேண்டிய பணம். பெரிய நிறுவனத்துக்கு இது மாதக் கணக்கில் சுழல்கிறது. மேலே சொன்ன வியாபாரிக்கு 24 மணி நேரத்தில். ஆகவே ஒரு வாரம் கடை மூடினால் அவருக்கு ஏற்படுவது ஒரு வார நட்டம் மட்டுமல்ல. வீட்டார் அந்த வாரத்தில் கைமுதலையே சாப்பிட்டுவிடுவார்கள். எட்டாம் நாள் சந்தை திறந்தாலும் கொள்முதலுக்குக் கையில் எதுவும் இராது.

அடி விழுந்த வழிகள்

1. போக்குவரத்து. லாகோசின் மைல் 12 மண்டிக்குத் தக்காளியும் மிளகாயும் நைஜீரியாவின் வட மாநிலங்களிலிருந்து நெடுந்தூரம் லாரியில் வருகின்றன. மார்ச் 30 அன்று லாகோஸ், ஒகுன், அபுஜா ஆகியவை முடக்கப்பட்டபோது உணவு லாரிகளுக்கு விலக்கு இருந்தது. ஆயினும் விலக்கைப் பற்றி அறியாத, அல்லது அறிந்தும் கை நீட்டுகிற சோதனைச் சாவடிகள் வழி நெடுகிலும் இருந்தன. ஒரு நாள் தாமதம் தக்காளியை அழுகச் செய்யும். விளைவாக, வடக்கில் விவசாயிக்கு விலை விழுந்தது, தெற்கில் கடைக்காரருக்கு விலை ஏறியது. கிழக்கே, கென்யா–உகாண்டா எல்லையில் உள்ள மலாபாவில் ஓட்டுநர்களுக்கான தொற்றுப் பரிசோதனைக்காக லாரிகள் பல கிலோமீட்டர் நீளத்துக்கு வரிசையில் நின்றன.

2. சந்தை என்ற இடம். உகாண்டாவில் மார்ச் 25 அன்று அதிபர் முசெவேனி சந்தைகளில் உணவுப் பொருள் தவிர மற்றவற்றைத் தடை செய்தார். உணவு விற்போர் வீடு திரும்பாமல் சந்தையிலேயே தங்க வேண்டும் என்றார். கம்பாலாவின் நகசேரோ சந்தையில் பெண்கள் கடைகளுக்கிடையே கொசுவலை கட்டிப் படுத்தார்கள். சிறு குழந்தையை வீட்டில் விட்டு வர இயலாதவர்கள் வியாபாரத்தை விட்டார்கள். தென்னாப்பிரிக்காவில் பேரங்காடிகள் முதல் நாளிலிருந்தே இயங்கின. நடைபாதை உணவு வியாபாரிகளுக்கு ஏப்ரல் 2 அன்றுதான், அதுவும் நகராட்சியின் எழுத்துபூர்வ அனுமதியுடன், வழி பிறந்தது. சூடான சமைத்த உணவு விற்பதற்கோ ஏப்ரல் முழுவதும் தடை நீடித்தது. மே 1 முதல் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுக்க மட்டும் அனுமதி. ஒரே ரொட்டியைப் பேரங்காடியில் வாங்கலாம், தெருமுனையில் வாங்கக் கூடாது என்ற நிலைக்கு மருத்துவக் காரணம் தேடினால் கிடைக்காது. திறந்தவெளித் தெருமுனை, மூடிய குளிர்சாதனக் கூடத்தைவிட அபாயமானது அல்ல.

3. வாங்குபவரின் பை. அன்றாடக் கூலிக்காரர் வேலை இழந்தால் அவருக்கு மதியச் சாப்பாடு விற்றவரும் கூடவே விழுகிறார். பள்ளிகள் மூடியதால், மதிய உணவு ஒப்பந்தம் பெற்ற சமையல்காரர்களுக்கும் அவர்களுக்குத் தானியம் விற்ற விவசாயிகளுக்கும் வேலை இல்லாமல் போனது.

4. சேமிப்பு. கானாவில் சுசு, கென்யாவில் சாமா, தென்னாப்பிரிக்காவில் ஸ்டாக்வெல், மேற்கு ஆப்பிரிக்காவின் பிரெஞ்சு பேசும் நாடுகளில் தொந்தீன் என்று வழங்குபவை நம் ஊர்ச் சீட்டுகளைப் போன்ற சுழல் சேமிப்புக் குழுக்கள். கூட்டம் கூடத் தடை. மேலும் எல்லா உறுப்பினருக்கும் ஒரே வாரத்தில் பணம் தேவைப்பட்டது. ஒருவருக்கு நெருக்கடி வந்தால் மற்றவர் தாங்குவது என்ற ஏற்பாடு, எல்லோருக்கும் ஒன்றாக நெருக்கடி வரும்போது தாங்குவதில்லை.

அறிவிக்கப்பட்ட உதவிகளும் அவற்றின் வாசற்படிகளும்

அரசுகள் கையிலெடுத்த கருவிகள் நான்கு: வரிக் குறைப்பு, சலுகைக் கடன், கடன் உத்தரவாதம், நேரடி மானியம். ஒவ்வொன்றும் ஒரு தகுதியைக் கேட்கிறது. அந்தத் தகுதி யாரிடம் உள்ளது என்பதில்தான் விஷயம் முடிவாகிறது.

கென்யா மதிப்புக் கூட்டு வரியை 16 விழுக்காட்டிலிருந்து 14 ஆகவும், சிறு வணிகங்களின் விற்றுமுதல் வரியை 3 விழுக்காட்டிலிருந்து 1 ஆகவும் குறைத்தது. ஆனால் புதிய விதியின்படி விற்றுமுதல் வரி ஆண்டுக்கு 10 லட்சம் ஷில்லிங்குக்கு மேல் விற்பவர்களுக்கே பொருந்தும். அதற்குக் கீழே இருந்தவர் அந்த வரியைக் கட்ட வேண்டியதில்லை; கட்டாத வரியைக் குறைத்து அவருக்கு உதவ முடியாது.

கானா 60 கோடி செடி (அந்நாட்டு நாணயம்) மதிப்பில் சலுகைக் கடன் திட்டத்தை 2020 மே மாதம் தேசியச் சிறுதொழில் வாரியம் வழியே தொடங்கியது. முதல் ஓராண்டு தவணை இல்லை, அடுத்த இரண்டாண்டில் திருப்பிக் கட்டலாம். வடிவமைப்பைப் பொறுத்தவரை இது ஏனையவற்றைவிடச் சிந்தித்துச் செய்யப்பட்டது: குறுவணிகர்களுக்கும் சற்றுப் பெரிய நிறுவனங்களுக்கும் தனித்தனிப் பிரிவுகள் இருந்தன. நைஜீரியத் திட்டமோ வட்டியை 2021 பிப்ரவரி இறுதி வரை 5 விழுக்காடு, பிறகு 9 விழுக்காடு என வைத்தது. விண்ணப்பிக்க வங்கிச் சரிபார்ப்பு எண் வேண்டும், வணிகம் நடந்ததற்குச் சான்று வேண்டும். விண்ணப்பித்து, சரிபார்த்து, பணம் கைக்கு வருவதற்குள் 24 மணி நேரத்தில் சுழலும் கைமுதல் பலமுறை கரைந்திருக்கும்.

கடன் உத்தரவாதம் என்பது, வணிகர் கடனைக் கட்டாவிட்டால் இழப்பின் பெரும்பகுதியை அரசு ஏற்கும் என்று வங்கிக்குக் கொடுக்கும் உறுதி. தென்னாப்பிரிக்கா 20,000 கோடி ராண்டு அளவுக்கு இந்த உறுதியை அளித்தது. பயன்படுத்தப்பட்டது அதில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. வங்கிகள் தம் வழக்கமான தகுதிச் சோதனையையே நடத்தின. வணிகர்களோ எப்போது திறப்போம் என்று தெரியாமல் புதுக் கடன் வாங்க அஞ்சினார்கள். இரண்டு தரப்பும் தத்தம் அளவில் புத்திசாலித்தனமாகவே நடந்துகொண்டன என்பதுதான் இதில் உள்ள முரண். கென்யாவின் உத்தரவாதத் திட்டம் வந்ததோ 2020 டிசம்பரில்.

ஸ்பாசா கடைகளுக்கென்று தென்னாப்பிரிக்கா தனித் திட்டமும் வகுத்தது. உரிமையாளர் அந்நாட்டுக் குடிமகனாக இருக்க வேண்டும், கடை பதிவாகியிருக்க வேண்டும் என்பன நிபந்தனைகள். சோமாலியா, எத்தியோப்பியா, வங்கதேசம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தவர்கள் நடத்தும் கடைகள் அந்தக் குடியிருப்புகளில் ஏராளம். அவர்களிடம் வாங்குகிற ஏழைகள் தென்னாப்பிரிக்கர்களே என்பது கணக்கில் வரவில்லை.

பேசப்படாமல் பலன் தந்தவை

செலவு குறைந்த, தலைப்புச் செய்தியாகாத நடவடிக்கைகள் சில முதல் தட்டினரை உண்மையில் எட்டின.

கென்யாவில் மார்ச் 17 முதல், எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையில் 1,000 ஷில்லிங் வரையிலான பரிமாற்றங்களுக்குக் கட்டணம் நீக்கப்பட்டது; பிறகு இது ஆண்டு இறுதி வரை நீட்டிக்கப்பட்டது. கானாவிலும் ருவாண்டாவிலும் இத்தகைய விலக்கு வந்தது. காய்கறிக்காரரின் விற்பனைகளில் பெரும்பாலானவை இந்த வரம்புக்குள் அடங்குபவை. கட்டணம் இருந்தவரை சில நூறு ஷில்லிங் காய்கறிக்குக் கைபேசியில் பணம் அனுப்பத் தயக்கம் இருந்தது. விண்ணப்பம் இல்லை, சான்றிதழ் இல்லை; கைபேசி வைத்திருந்த எல்லோருக்கும் அன்றே சலுகை கிடைத்தது.

கென்ய மத்திய வங்கியின் இன்னொரு முடிவும் குறிப்பிடத்தக்கது. ஏப்ரல் 1 முதல் ஆறு மாதங்களில் தவணை தவறிய கடன்களை, கடன் தகவல் நிறுவனங்களின் கறுப்புப் பட்டியலில் சேர்க்கக் கூடாது என்றது. ஒழுங்குமுறைக்கு உட்படாத கைபேசிக் கடன் செயலிகள் அந்தப் பட்டியலுக்குப் பெயர் அனுப்பும் உரிமையையும் பறித்தது. சில நூறு ஷில்லிங் பாக்கிக்காக வங்கிக் கதவு நிரந்தரமாக மூடுவதை இது தடுத்தது. கருவூலத்துக்கு ஆன செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை.

டோகோவின் நோவிசி திட்டம் தனியாகக் கவனிக்கத்தக்கது. 2020 ஏப்ரல் 8 அன்று தொடங்கிய இத்திட்டத்தில், முறைசாராத் தொழில் செய்பவர் சாதாரணக் கைபேசியில் ஒரு குறியீட்டை அழுத்தித் தம் வாக்காளர் அட்டை எண்ணைக் கொடுத்தால் போதும். பிப்ரவரி அதிபர் தேர்தலுக்காகப் புதுப்பிக்கப்பட்ட வாக்காளர் பட்டியலில் அவரவர் தொழிலும் வசிப்பிடமும் இருந்ததால், வேறு சான்று தேவைப்படவில்லை. தலைநகர் லோமே வட்டாரத்தில் பெண்களுக்கு மாதம் 12,250 சிஎஃப்ஏ பிராங்க், ஆண்களுக்கு 10,500. இரு தவணைகளில் கைபேசிக் கணக்குக்கே வந்தது. பெண்களுக்குக் கூடுதலாகக் கொடுத்தது, குடும்பச் செலவு அவர்கள் கையில் நடக்கிறது என்பதால். வணிகர் தம் கைமுதலை உண்டுவிடாமல் அது காத்தது. வாங்குபவருக்கு நாளைய சாப்பாட்டுக்குப் பணம் கொடுத்தது. அட்டை இல்லாதவர் வெளியே நின்றார் என்பது இதன் குறை. கிராமப்புறத்துக்கு இதை விரித்தபோது, செயற்கைக்கோள் படங்களையும் கைபேசிப் பயன்பாட்டுத் தரவுகளையும் வைத்து ஏழைகளை இனங்காண முயன்றார்கள்.

செயலிகள் வந்தன, போயின

உகாண்டாவில் ஐ.நா. வளர்ச்சித் திட்டமும் ஜுமியா என்ற இணைய வணிக நிறுவனமும் சேர்ந்து கம்பாலா சந்தை வியாபாரிகளைச் செயலியில் இணைத்தன. ஆளேற்றத் தடை செய்யப்பட்டிருந்த போடா போடா மோட்டார் சைக்கிள்கள் சரக்கு கொண்டுபோக அனுமதிக்கப்பட்டதால், வியாபாரிக்கும் ஓட்டுநருக்கும் ஒருசேர வருமானம் கிடைத்தது. கென்யாவில், அதுவரை சிறு கடைகளுக்கே காய்கறி வழங்கிவந்த ட்விகா நிறுவனம் ஜுமியா வழியே வீடுகளுக்கு விற்றது. அதாவது, சிறு கடைக்காரரின் மொத்த வியாபாரி அவருக்கே போட்டியாகவும் ஆனார். 2023 இறுதியில் ஜுமியா தன் உணவு விநியோகப் பிரிவை நைஜீரியா, கென்யா, உகாண்டா உட்பட ஏழு நாடுகளில் மூடிவிட்டது. தனியார் செயலியின் மேல் எழுப்பப்பட்ட உதவி, அச்செயலி லாபம் காணும் வரைதான் நிற்கும்.

இரண்டாம் தட்டின் சிக்கல்

சிறு பதப்படுத்துவோர் அன்றாட உதவித் தொகைக்குப் பெரியவர்கள், வங்கிக்குச் சிறியவர்கள். இவர்களுடைய தேவைகளும் வேறு. ஒன்று, பேரங்காடியில் சரக்கு வைக்க உணவுப் பாதுகாப்புப் பதிவு. நைஜீரியாவில் அது நாஃப்டாக் எண். உணவகங்களும் விடுதிகளும் மூடிய பிறகு அவர்களுக்கு எஞ்சிய வாசல் அதுதான். நைஜீரியாவின் 'சர்வைவல் ஃபண்ட்' திட்டம் ஊதிய உதவியோடு 2,50,000 வணிகப் பெயர்களைக் கட்டணமின்றிப் பதிவு செய்யும் பிரிவையும் வைத்தது. பதிவைத் தகுதியாகக் கேட்பதற்குப் பதில் பதிவையே உதவியாகக் கொடுத்த இந்த மாற்றம் பின்பற்றத் தக்கது. இரண்டு, உறுதியான கொள்முதல். கானாவில் ஊரடங்கின்போது அரசு சமைத்த உணவை ஏழைகளுக்கு வழங்கியது. இத்தகைய கொள்முதல் சிறு சமையல்கூடங்களுக்குப் போய், பணமும் உடனே கைக்கு வந்தால், ஒரே செலவில் பசியும் தீரும், தொழிலும் நிற்கும். ஆனால் பள்ளி உணவு ஒப்பந்தக்காரர்களுக்கு மாதக் கணக்கில் பாக்கி வைக்கும் வழக்கமும் அதே நாட்டில் உண்டு. ஆணையைக் கொடுத்துவிட்டுப் பணத்தைத் தாமதிக்கும் அரசு, உண்மையில் சிறு வணிகரிடம் வட்டியில்லாக் கடன் வாங்குகிறது.

பின்விளைவுகள்

கட்டண விலக்கு முடிந்ததும் கென்யாவில் 2021 ஜனவரி முதல் 100 ஷில்லிங்குக்கு மேற்பட்ட பரிமாற்றங்களுக்குக் கட்டணம் திரும்பியது. அரசுகளின் கையும் இறுகியது: ஜாம்பியா 2020 நவம்பரிலும் கானா 2022 டிசம்பரிலும் வெளிநாட்டுக் கடன் தவணைகளை நிறுத்தின. இனி ஒரு நெருக்கடியில் பெரிய கடன் திட்டங்களை அறிவிக்கும் வசதி பல நாடுகளுக்கு இல்லை.

அந்த நெருக்கடி கற்பனையானதும் அல்ல. 2014இல் எபோலா பரவியபோது சியரா லியோனில் லூமா எனப்படும் வாரச் சந்தைகள் தடை செய்யப்பட்டன. 2024 ஆகஸ்டில் குரங்கம்மைக்காக உலகச் சுகாதார நிறுவனம் அவசரநிலை அறிவித்தது, அதன் மையம் கிழக்குக் காங்கோ. அந்தப் பகுதியின் கோமா நகரத்துக்கும் ருவாண்டாவின் கிசெனிக்கும் இடையே காய்கறி, மீன், மாவு ஆகியவற்றைத் தலைச்சுமையாக எடுத்துச் சென்று விற்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். 2020இல் நடைவழி மூடப்பட்டு லாரிகள் மட்டும் அனுமதிக்கப்பட்டபோது, இவர்கள் குழுக்களாகச் சேர்ந்து சரக்கை ஒன்றாகத் திரட்டி, ஒரு வண்டியில் ஏற்றி, பிரதிநிதி ஒருவரோடு எல்லைக்கு அப்பால் அனுப்பினார்கள். தலைச்சுமைக்காரர் தாமே அப்பால் சென்று விற்ற லாபத்தில் ஒரு பகுதி இதில் குறைந்தது; ஆயினும் வியாபாரம் அறவே நிற்கவில்லை. 2021 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய ஆப்பிரிக்கக் கண்டச் சுதந்திர வணிக ஒப்பந்தம் பெரிய சரக்குகளுக்கான சுங்க வரியைப் பற்றி விரிவாகப் பேசுகிறது. எல்லை மூடும் நாளில் தலைச்சுமைக்காரருக்கு எந்த வழி திறந்திருக்கும் என்பதை, இப்போதைக்கு அந்தந்த எல்லை அலுவலர்களே முடிவு செய்கிறார்கள்.